லாயல்டியா, அலீஜன்ஸா? விசுவாசத்துக்கு ஆங்கிலத்தில் நான்கு சொற்கள்

விசுவாசம் என்றதும் நமக்கு முதலில் வாயில் வருவது லாயல்டி. பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். நண்பன், கட்சி, முதலாளி, வழக்கமாகப் போகும் டீக்கடை என எதற்கும் பொருந்தும். துணிக்கடை 'லாயல்டி கார்டு' நீட்டும் அளவுக்கு அது மலிந்தும்விட்டது. பெயரடையான லாயலுக்குப் பின் 'டு' வர வேண்டும். 'லாயல் ஃபார்' பிழை.

தடுமாற்றம் அலீஜன்ஸில்தான். லாயல்டி மனத்தில் இருந்து நடத்தையில் தெரிவது; அலீஜன்ஸ் வாயால் சொல்லி ஏற்பது, அல்லது குடிமகன் என்பதாலேயே கடமையாக வந்து சேர்வது. அதனால்தான் 'ஸ்வேர்', 'ப்ளெட்ஜ்' போன்ற உறுதிமொழி வினைகள் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்கப் பள்ளிகளில் சொல்லும் கொடி உறுதிமொழி 1892இல் எழுதப்பட்டது. அதன் பெயரிலேயே அலீஜன்ஸ் இருக்கிறது. நம் அமைச்சர்கள் பதவியேற்கும்போது சொல்லும் 'உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும்' என்பதில், மாறாப் பற்றுக்கு ஆங்கிலப் பாடத்தில் உள்ளது இதே சொல். அயல்நாட்டுக்கு அலீஜன்ஸ் ஏற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது அரசமைப்பின் 102ஆம் பிரிவு. அங்கே லாயல்டி என்று போட்டால் சட்டம் மனத்தை அளக்க வேண்டியிருக்கும்.

கட்சி தாவியவரை 'ஸ்விட்ச்டு அலீஜன்ஸ்' என்று எழுதலாம். லாயல்டியை வைத்து எழுதினால் 'லாயல்டீஸ்' எனப் பன்மையாக்குங்கள்; ஒருமை இடறும். அலீஜன்ஸுக்குப் புழக்கத்தில் பெயரடை இல்லை. ஊழியரைப் பாராட்டும்போது லாயலுக்கே திரும்ப வேண்டும்.

ஃபிடெலிட்டி வேறு வகை. பிசகாமல் பொருந்துவதே அதன் உயிர்: மணவாழ்வில் துணைக்கு, மொழிபெயர்ப்பில் மூலத்துக்கு, ஹைஃபை ஒலிக்கருவியில் அசல் ஒலிக்கு. ஊழியரின் பரிந்துரைக் கடிதத்தில் இதைப் போட்டால் கொஞ்சம் விநோதமாகப் படும். காப்பீட்டில் மட்டும் ஊழியருக்கும் இச்சொல் உண்டு: ஊழியர் பணத்தைக் கையாடினால் முதலாளியின் இழப்பை ஈடுசெய்வது 'ஃபிடெலிட்டி கேரண்டி' பாலிசி.

ஃபீயல்டி, ஃபிடெலிட்டி பிறந்த அதே லத்தீன் வேரில் பிறந்து, பிரெஞ்சு வழியே தேய்ந்து வந்த சொல். ஐரோப்பிய நிலப்பிரபுத்துவக் காலத்தில் சிற்றரசர் தம் பிரபுவுக்குச் செய்த சத்தியம் அது. இன்று வரலாற்று நூலிலும் கற்பனைக் கதையிலும் இயல்பாக இருக்கும். செய்திக் கட்டுரையில் ஒரு தொண்டருக்குத் தலைவர்மீது ஃபீயல்டி என்று எழுதினால், வாசகர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்வார்.