கேம்பர் வானில் யாழ்ப்பாணக் கரையோரம்

ஆடி மாதம் கேம்பர் வானோடு, அதாவது படுக்கையும் குளிர்ப்பெட்டியும் மலசலகூடமும் உள்ள வானோடு, யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் இரண்டைக் கணக்கில் எடுங்கள்: கழிவுத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதையும், அதற்கு முதல் காற்றையும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம் அது. பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகிற பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு எதுவும் கிடையாது, உயரமான வான் பக்கவாட்டில் தள்ளுப்படுவது கையிலேயே தெரியும். பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார், நான் இருபதைத் தாண்டவில்லை.

நாங்கள் நோர்வேயிலிருந்து நான்கு பேர், கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயது. கொழும்புப் பக்கம் வானை வாடகைக்கு எடுத்து, மன்னாரில் ஒரு இரவு நின்று, ஏ32 வீதியால் பூநகரி வந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் குடாநாட்டுக்குள் ஏறினோம். 2011இல் அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் தரைவழியாக வாகனத்தில் வருபவர்களுக்குக் கண்டி–யாழ்ப்பாண வீதியான ஏ9 ஒன்றுதான் கதி. சர்வதேச ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, அதை இலங்கையில் செல்லுபடியாக்க வேண்டும், வான் எடுக்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

வாடகைக்குக் கொடுத்தவர்கள் எல்லா வசதியும் இருக்கும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டாம் இரவே வானின் உள்பகுதிக்கு மின்சாரம் தருகிற பற்றரி செத்துப்போய், குளிர்ப்பெட்டியில் இருந்த மீன் பழுதாகி, விடிய அழைத்தால் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட! மானிப்பாயில் ஒரு சிறிய கராஜில் இருந்த பொடியன்தான் அரை மணித்தியாலத்தில் எரிந்துபோன வயரைக் கண்டுபிடித்தான். "வயர் காசு மட்டும் தாங்கோ அண்ணை" என்றான். வற்புறுத்தித்தான் கூலி கொடுத்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது தண்ணீரைப் பற்றி. நல்ல தண்ணீர் எடுப்பது ஒரு பிரச்சினையே இல்லை. வல்வெட்டித்துறைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் கேட்டதற்கு, அந்த அம்மா "கிணத்தடியில நிப்பாட்டுங்கோ தம்பி, இதையெல்லாம் கேக்கவே வேணும்?" என்று மோட்டரைப் போட்டுவிட்டு பிள்ளைகளுக்கு மோரும் கொடுத்தார். பாவித்த தண்ணீரையும் மலசலகூடப் பெட்டியையும் எங்கே ஊற்றுவது என்பதுதான் கேள்வி. நோர்வேயில் பல பெற்றோல் நிலையங்களிலேயே அதற்கென்று இடம் இருக்கும். இங்கே கேட்ட இடமெல்லாம் ஒரே பதில், "உதில பத்தைக்குள்ள ஊத்திவிடுங்கோ". கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இப்படி ஒரு வாகனத்தை அவர்கள் கண்டதில்லை. ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது வெடிப்புகளால் நேரே கீழே இறங்கும், குடிக்கிற கிணறும் அதே தண்ணீர்தான். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறி வருகிறதே, அது மழைநீர் அந்தக் கல்லுக்குள்ளால் வந்து சேர்வதுதான். அதில் காலையில் குளித்துவிட்டு மாலையில் எப்படிப் பத்தைக்குள் ஊற்றுவது? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு போதாதா?

அந்த நாலு நாளும் பெட்டியை மூடி வைத்துக்கொண்டே ஓடினோம். 2017இல் மக்களிடம் திரும்பி வந்த மயிலிட்டித் துறைமுகத்தில் வள்ளங்கள் கரை சேர்வதைப் பார்த்தோம், மணற்காட்டில் மணலில் பாதி புதைந்த தேவாலயத்தைப் பார்த்தோம், அந்த மணலில் சில்லு இறங்கி நாலு மீனவர்கள் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். கடைசியில் கரவெட்டியில் மாமி வீட்டு மலசலகூடக் குழியில்தான் பெட்டியை ஊற்றினோம். ஊரில் மாமி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பருத்தித்துறையில் தெருமூடிமடத்துக்குக் கீழால் வானைக் கொண்டுபோக உயரம் விடுமோ என்று பயந்து, தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனோம். வீதிக்குக் குறுக்கே கூரை, இரண்டு பக்கமும் கல் திண்ணை. மத்தியான வெயிலில் உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. வழிப்போக்கனுக்கு மடம், சுமைதாங்கி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல், குடிக்கக் கேணி என்று ஒவ்வொன்றாக யோசித்துச் செய்த ஊர் இது. மாட்டுக்குக் கல் நட்டவர்களுக்கு வானுக்கு ஒரு கழிவுக்குழி பெரிய காரியமா?

திரும்புவதற்கு முதல் நாள் ஒரு பிரதேச சபைக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுத்தில் தரச் சொன்னார். சீமெந்துத் தொட்டி, இறுக்கமான மூடி, கழுவ ஒரு குழாய், நிரம்பினால் கழிவு உறிஞ்சும் பவுசர் லொறி வந்து எடுக்கப் பாதை, இவ்வளவையும் ஒரு படமாகக் கீறி, என் நோர்வே முகவரியோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.