சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்: சிகிச்சையைத் திட்டமிடும்போது எது கைகொடுக்கும்?

புற்றுநோய் என்று உறுதியானதும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பேசாமல் பெட் ஸ்கேனே எடுத்துவிடலாமே?" உடம்பில் இருப்பதையெல்லாம் காட்டிவிடும் என்ற பெயர் அதற்கு. பாதி உண்மை.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் முக்கியமாகப் பார்ப்பது உருவத்தை. நிணநீர்க் கணு (புற்று முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சு) ஒன்றின் குறுக்களவு 10 மி.மீ.யைத் தாண்டினால் சி.டி. சந்தேகப்படும். 8 மி.மீ. கணுவுக்குள் புற்று இருந்தால் விட்டுவிடும். சாதாரணத் தொற்றில் வீங்கியதை வீணாகச் சந்தேகிக்கும். பெட் பார்ப்பது திசுவின் சர்க்கரைப் பசியை; புற்றுக்கு அது பெரும்பாலும் அதிகம். ஃப்ளோரின்-18 சேர்த்த எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் படுக்கவைத்து, அதை எது அள்ளிக்கொண்டது என்று படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் பேசாதீர்கள் என்பதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். பேசினால் குரல்வளைத் தசைகளும் சர்க்கரையை இழுக்கும். கழுத்துப் படம் குழம்பிவிடும்.

நுரையீரல் புற்றில் அறுவைக்கு முன் என் ஓட்டு, இரண்டையும் சேர்த்து எடுக்கும் பெட்-சி.டி.க்குத்தான். சி.டி.யில் 'வெட்டி எடுத்துவிடலாம்' என்று தோன்றும் ஒருவருக்கு, எலும்பில் ஒரு புள்ளி பெட்டில் ஒளிர்ந்து, பலன் தராத பெரிய அறுவையைத் தவிர்த்துவிடலாம். ஆனால் ஒளிர்வதெல்லாம் புற்றல்ல. காசநோயும் சார்காய்டோசிஸ் என்ற, புற்றல்லாத அழற்சி நோயும் அதே வெளிச்சத்தில்தான் தெரியும். அதனால் நெஞ்சுக்கூட்டின் நடுவிலுள்ள கணு ஒளிர்கிறது என்பதற்காக மட்டும் அறுவையை மறுக்கக் கூடாது. ஊசியால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். மூளைக்கு வந்தால் பெட் தடுமாறும். மூளையே சர்க்கரையைத் தின்பதால் எங்கும் வெளிச்சம்; அங்கே எம்.ஆர்.ஐ.தான்.

கதிர்வீச்சுத் திட்டத்தில் இந்தப் போட்டி இன்னும் சுவாரஸ்யம். கட்டி மூச்சுக்குழாயை அடைத்து, அதற்கு அப்பால் நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது என்று வையுங்கள். சி.டி.யில் கட்டி எங்கே முடிகிறது, சுருங்கிய பகுதி எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது பெரும்பாடு. பெட்டில் கட்டி எரியும், மற்றது மங்கும். கதிர் படும் பரப்பு குறைந்து நல்ல நுரையீரல் தப்பும். ஆனாலும் சி.டி.யை ஒதுக்க முடியாது: திசுவின் அடர்த்தியை அது தருவதால் கதிரின் அளவைக் கணக்கிடுவது அதன்மேல்தான். பெட் எடுக்கும் சில நிமிடங்களும் நோயாளி மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். கட்டியின் ஓரம் கலங்கலாக விழும். திரையில் பிரகாசத்தைக் கூட்டினால் கட்டி பெருக்கும், குறைத்தால் சிறுக்கும். வெளிச்சத்தை மட்டும் நம்பி எல்லை வரைவது ஆபத்து. தட்டையான படுக்கை, தலை அசையாமல் பிடிக்கும் அதே முகமூடி, அதே கிடப்பு என்று சிகிச்சை நிலையிலேயே எடுக்காத பெட் படத்தைத் திட்டத்தோடு பொருத்துவதும் சிரமம்.

சிகிச்சை பலித்ததா என்று பார்ப்பதில் பெட்டுக்கு ஈடு குறைவு. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் கீமோ முடிந்தும் சி.டி.யில் கட்டி மிச்சமிருக்கும். அது தழும்பா, உயிருள்ள புற்றா? கல்லீரலின் வெளிச்சத்தோடும் நெஞ்சுக்கூட்டு ரத்தக்குழாய்களின் வெளிச்சத்தோடும் ஒப்பிட்டு, டோவில் அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள்; எண் கூடினால் சந்தேகமும் கூடும். முற்றிய ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் (அதில் ஒரு வகை) 2 சுற்றுக் கீமோவுக்குப் பின் பெட்டில் புற்றின் வெளிச்சம் இல்லையென்றால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்தை நிறுத்திவிடலாம் என்று 2016-இல் வெளியான ராத்ல் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு பிரிட்டனின் பெட்-நெக் ஆய்வு: தலை, கழுத்துப் புற்றுள்ள 564 பேர். எல்லோருக்கும் கழுத்து அறுவை என்று திட்டமிட்ட பிரிவில் 221 அறுவைகள். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து 12 வாரம் கழித்து பெட்-சி.டி. பார்த்து முடிவெடுத்த பிரிவில் 54. உயிர்வாழ்வு குறையவில்லை. அந்த 12 வாரக் காத்திருப்பு முக்கியம்; அவசரப்பட்டு எடுத்தால் கதிர்வீச்சின் புண்ணே ஒளிரும்.

மலக்குடல், கருப்பைவாய்ப் புற்று பக்கத்துத் திசுவுக்குள் எவ்வளவு ஊடுருவியது என்பதை எம்.ஆர்.ஐ.யிடம் விட்டுவிடலாம். ப்ராஸ்டேட் புற்றுக்குச் சர்க்கரைப் பசி பெரும்பாலும் குறைவு, அதற்கு, அந்தப் புற்றணுக்களின் மேல் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடும் பெட் உண்டு. 2020-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் பரவலைக் கண்டறிவதில் அதன் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65.

தொந்தரவு எதுவும் இல்லாத ஆரம்பநிலை மார்பகப் புற்றில் மட்டும், வழக்கமாக பெட் எடுக்கும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். பரவல் தெரியவரும் வாய்ப்பு அங்கே சொற்பம்; எங்கேயோ ஒரு பொய்ப்புள்ளி ஒளிர்ந்து, அதற்கொரு பயாப்ஸி (திசுப் பரிசோதனை), அதனால் சிகிச்சை தள்ளிப்போவது என்பது எளிதில் நடந்துவிடும்.