கம்பம் – குமுளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனநல உதவி: எந்த சேவை எதற்கு உதவும்?

மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் கம்பம், கூடலூர், சின்னமனூர். மேலே கேரளத்தில் குமுளி, வண்டிப்பெரியார், பீர்மேடு, ஏலத்தோட்டங்கள். பிள்ளை படிப்பது ஒரு மாநிலத்தில், அப்பா அம்மா வேலை பார்ப்பது இன்னொன்றில், ரேஷன் கார்டு எங்கோ ஓர் ஊரில் என்றிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ள ஒரு பிள்ளைக்கு மனநல உதவி தேவைப்பட்டால் இந்தக் குடும்பங்கள் எங்கே போகலாம், எந்த சேவை எதைச் செய்யும், எங்கே கைவிடும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஒரு தடவை போய் வருவதைவிட, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் போய் வர முடிகிற இடத்தைப் பிடிப்பதே முக்கியம். மனநல சிகிச்சை பெரும்பாலும் தோற்பது மருந்தால் இல்லை, மூன்றாவது தடவை போகாமல் விட்டுவிடுவதால். கீழே உள்ள ஒவ்வொரு சேவையையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்திருக்கிறோம்.

முதலில் போன். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநலத் தொலைபேசி சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் வழிநடத்துகிறது, 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்று முழு எண்ணை அடியுங்கள். ஒரு எச்சரிக்கை: 14417 என்பது தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் தகவல் எண். 14446 போதைப் பழக்கத்துக்கான தேசிய எண். மூன்றும் வாயில் குழம்பும். அதனால் போனில் பெயர் போட்டுச் சேமித்து வைப்பது நல்லது.

அழைத்ததும் முதலில் மொழியைக் கேட்கும். அவசரத்தில் கைக்கு வந்த பட்டனை அழுத்திவிடாமல் தமிழ் வரும்வரை காத்திருங்கள். அழைப்பு அந்தந்த மாநிலத்தின் மையத்துக்குப் போகும்படிதான் இதை அமைத்திருக்கிறார்கள். கேரள சிம் வைத்திருப்பவருக்கு எதிர்முனையில் மலையாளம் கேட்டால் போனை வைத்துவிட வேண்டாம். "தமிழ்ல பேசுற ஆள் வேணும்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. பெயர் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்லாமலே பேசலாம்.

இந்தச் சேவையில் இரண்டு படிகள் உண்டு. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். நிலைமை அவர் கையை மீறினால் மனநல மருத்துவருக்கோ மருத்துவ உளவியலாளருக்கோ மாற்றுவார், இல்லை நேரில் போகவேண்டிய இடத்தைச் சொல்வார். இரவு இரண்டு மணிக்கு மனசு படபடத்து, யாரையும் எழுப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இந்தப் பகுதியில் இல்லை. ஆனால் இதைச் சிகிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த தடவை அழைத்தால் வேறொருவர் எடுப்பார், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு பிள்ளைகள் சலித்துப்போய் விட்டுவிடுவது இதனால்தான்.

அதனால் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: "எங்க ஊருக்குப் பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மனநல டாக்டர் இருப்பாங்க?" பதில் உறுதியாக வரவில்லை என்றால் விசாரித்துத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பதில் கையில் இருந்தால் அந்த அழைப்புக்குப் பலன் உண்டு.

எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த குடும்பம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மனசுவிட்டுப் பேசாது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு முதல் வாக்கியமாகவே, "என்னால சத்தமா பேச முடியாது, நீங்க கேளுங்க, ஆமா இல்லைன்னு சொல்றேன்" என்று சொல்லலாம். ஆலோசகர்கள் அதற்கேற்ப கேள்வியை மாற்றிக்கொள்வார்கள். மலைப்பாதையில் பஸ்ஸிலோ ஜீப்பிலோ போய்க்கொண்டே பேச வேண்டாம். சிக்னல் போனால் பாதிப் பேச்சில் அறுந்துவிடும், அந்த அறுந்த இடம் பிள்ளைக்கு மிகவும் வலிக்கும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பதினெட்டு வயதுக்குள் உள்ள பிள்ளையை யாராவது அடித்தாலோ, தொந்தரவு செய்தாலோ, கல்யாணம் பேசினாலோ 1098. கேரளத்தில் 'திசா' 1056, பொதுவான உடல்நலக் கேள்விகளுக்கும் மனநல ஆலோசனைக்கும். அங்கே போலீஸ் துறை சிறுவர்களுக்காக நடத்தும் 'சிரி' 94979 00200. கஞ்சா, குடி விஷயத்தில் 14446 தவிர கேரள கலால் துறையின் 'விமுக்தி' 14405 உண்டு. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் 'சிநேகா' 044 24640050. அங்கே பேசுபவர்கள் தன்னார்வலர்கள். அறிவுரை சொல்லமாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் தேவை.

இனி நேரில் போகும் இடங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கம்பத்திலிருந்து வருபவர்கள் தேனியில் இறங்கி, ஆண்டிபட்டி பக்கம் போகும் பஸ் ஏற வேண்டும். ஓ.பி. காலையில்தான். எட்டு மணிக்குள் சீட்டு எடுத்துவிட்டால் மதியத்துக்குள் திரும்பலாம். பதினொரு மணிக்குப் போனால் பார்த்துவிட்டாலும் மருந்து வாங்கும் வரிசையில் பொழுது போய்விடும். குமுளியிலிருந்து தேனிக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர், க.விலக்கு அதையும் தாண்டி. தமிழிலேயே எல்லாம் நடக்கும், மருந்து இலவசம். மலை மேலிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழியை வைத்துப் பார்த்தால் இதுவே முதல் தேர்வு.

கோட்டயம் மருத்துவக் கல்லூரி பெரிய இடம்தான், துறைகளும் நிறைய. ஆனால் குமுளியிலிருந்து பஸ்ஸில் போனால் போக வரவே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நோய் என்னவென்று பிடிபடாமல் குழப்பமாக இருந்தால், வலிப்பும் சேர்ந்திருந்தால், பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தால் ஒரு தடவை போய்வருவது சரி. மாதாந்திர சிகிச்சைக்கு அதை வைத்துக்கொண்டால் மூன்றாவது மாதம் கூலியும் போய், பஸ் காசும் போய், மருந்தும் நின்றுவிடும்.

பலருக்குத் தெரியாத, ஆனால் நாங்கள் அதிக மதிப்பெண் கொடுக்கும் சேவை மாவட்ட மனநலத் திட்டம். 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய தேசியத் திட்டம் இது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் குறித்த நாளில் வந்துபோகும். தேனியிலும் உண்டு, இடுக்கியிலும் உண்டு. குறை என்னவென்றால், முகாம் நாள் மாறினால் சொல்ல ஆள் இருக்காது. டாக்டர் மாற்றலாகிப் போனால் சில வாரம் காலியாக இருக்கும். கீழே கிராம சுகாதார செவிலியரிடமும், மேலே ஆஷா பணியாளரிடமும் முந்தின நாள் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். தேதி பிடிபட்டுவிட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் மாதாமாதம் மருந்தும் பேச்சும் ஒரே இடத்தில் கிடைக்கும் வழி இது ஒன்றுதான்.

எந்த அரசு ஓ.பி.க்குப் போனாலும் ஐந்து பத்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த நிமிடங்களில் அம்மா அழுவார், அப்பா "படிக்கவே மாட்டேங்குறான் சார்" என்பார், பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டருக்குத் தேவையானது எதுவும் வெளியே வராது. இதைத் தடுக்க ஒரு முழுப் பக்கத் தாளில் பிள்ளையே எழுதட்டும்: எப்போதிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்கு விழிப்பு, சாப்பாடு குறைந்ததா கூடியதா, பள்ளிக்கூடம் எத்தனை நாள் போகவில்லை, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா, காதில் குரல் கேட்கிறதா, கஞ்சா குடி உண்டா, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா, இப்போது என்ன மாத்திரை. தாளை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் தனியா பேசணும்" என்று பிள்ளை கேட்கலாம். பெற்றோர் வெளியே நிற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை எழுதினால் அலுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள். இவை இரண்டுமே சோர்வு, மந்தம் என்று மனச்சோர்வு போலவே தெரியும்.

பிள்ளை சொன்னது வெளியே போகுமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தைக் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்குள் இருப்பவருக்குச் சிகிச்சை முடிவில் பெற்றோருக்குப் பங்கு உண்டு. அதோடு, அந்த வயதுப் பிள்ளை பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால் போக்சோ சட்டப்படி டாக்டரோ ஆலோசகரோ அதைப் புகாராகத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. தெரியாமல் சொல்லிவிட்டுப் பிறகு போலீஸ் வீட்டுக்கு வந்தால், அந்தப் பிள்ளை மறுபடி யாரிடமும் வாய் திறக்காது. தற்கொலைக்கு முயன்றவர்மேல் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவர்களும் உண்டு. அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

மாத்திரை பற்றி. இளைஞர்களின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழக்கமாகக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும்தான் தெரியும், பலன் தெரியாது. பத்தாவது நாள் "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப்போடுவது இங்கேதான். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடலாம். அப்படித் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். விடியற்காலை ஜீப் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பிள்ளை என்றால் அதைச் சொல்லியே மருந்து எழுதச் சொல்லுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

தனியார் ஆலோசகர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், பத்து நாள் சான்றிதழ் படிப்பை மாட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், கேளுங்கள். மருந்து எழுதுவது டாக்டர் மட்டும்தான், ஆலோசகரோ உளவியலாளரோ எழுத முடியாது. "மூணு சிட்டிங்ல சரி பண்ணிடுவேன்" என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். போதை மறுவாழ்வு மையம் என்று சொல்லி இரவில் வண்டி வைத்துப் பையனைத் தூக்கிப்போகும் இடங்களில் சேர்க்கவே வேண்டாம். பதினெட்டு வயதுக்குள் உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களோடு போடக் கூடாது, வீட்டார் ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கூட யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லும் இடம் சட்டத்தை மீறுகிறது.

பாட்டி கோடாங்கி பார்க்கணும், கயிறு கட்டணும் என்றால் அதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரை வயிற்றுக்குள் போகட்டும். கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது மூன்றுக்கும் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"செத்துரலாம்னு தோணுதா?" என்று பிள்ளையிடம் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் அன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள், மாத்திரைப் பட்டைகளைப் பெரியவர் ஒருவர் பூட்டி வைத்து அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள். எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பிள்ளை தெளிவாக நடமாடினாலும் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையும் கூடவே எடுத்துப்போங்கள்.

மலை ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்று. உள்நோயாளி சிகிச்சைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்குத்தான், கேரளத்தின் காருண்யா திட்டம் அங்கே பதிந்தவர்களுக்குத்தான். ஓ.பி. பார்க்க இந்தக் கவலை வேண்டாம். சீசன் முடிந்து ஊர் மாறும்போது பழைய சீட்டு, மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு எல்லாம் இருக்கும் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே புது ஊரின் ஓ.பி. கிழமையை விசாரித்துவிடுங்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை என்றால், இருப்பதை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், எழுதிக்கொடுத்த டாக்டரையோ 14416-ஐயோ கேட்டுவிட்டு மாற்றுங்கள்.