கோபோல்: காசுக் கணக்கில் இன்றும் நான் நம்பும் மொழி

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மெயின்ஃப்ரேமில் (வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் பெரிய மையக் கணினியில்) கோபோல் என்ற நிரல் மொழிதான் என் பிழைப்பு. புதிதாக எழுதியது கொஞ்சம்தான். யாரோ எப்போதோ எழுதி வைத்ததைப் படித்து, திருத்தி, ஓட வைப்பதுதான் அன்றாட வேலை. இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது, அது காசைக் கையாளும் விதம்.

பைதான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். வட்டிக் கணக்கில் இது ஆகாது. கோபோலில் ஒரு தொகையை அறிவிக்கும்போதே, புள்ளிக்கு முன்னால் எத்தனை இலக்கம், பின்னால் எத்தனை என்று 'பிக்சர்' என்ற வடிவக் குறிப்பில் போட்டுவிடுகிறோம். ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் காம்ப்-3 முறையில் சேமித்தால் 123.45 மூன்றே பைட்டில் 12, 34, 5சி என்று உட்காரும். கடைசியில் இருக்கும் 'சி' கூட்டல் குறி. கழித்தல் என்றால் 'டி'. புள்ளி சேமிக்கப்படுவதில்லை, அதன் இடம் பிக்சரிலேயே இருக்கிறது. நள்ளிரவில் ஓடும் ஜாப் பாதியில் விழுந்து, டம்ப்பை (நின்ற நேரத்து நினைவகப் பதிவை) திறந்தால் தொகையைக் கண்ணாலேயே படித்துவிடலாம். அதே இடத்தில் 40 40 40 (40 என்பது மெயின்ஃப்ரேமில் வெற்றிடத்தின் குறியீடு) என்று இருந்தால் யாரோ எண்ணுக்குப் பதில் வெற்றிடத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போடப் போனால் 'சாக் செவன்' என்ற பிழை அடித்து நிரல் நின்றுவிடும். தூக்கம் கெடும்தான், ஆனால் தப்பான தொகை அடுத்த ஃபைலுக்குப் போகாது. எனக்கு அது போதும்.

இதெல்லாம் தானாக அமைந்ததல்ல. 1959-இல் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. இயந்திரம் மாறினால் எழுதியதெல்லாம் வீண். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் மட்டும் 200-க்கும் மேல் கணினிகள் இருந்தன. அந்த ஆண்டு மே 28, 29 தேதிகளில் கணினி தயாரிப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் பென்டகனில் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி செய்வது என்று முடிவெடுத்தார்கள். கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரைக் கோபோலின் தாய் என்பார்கள். அவருடைய முந்தைய மொழியான ஃப்ளோ-மேட்டிக்தான் இதற்கு வேர், அதில் சந்தேகமில்லை. ஆனால் உட்கார்ந்து வரையறையை எழுதியது ஜீன் சாமெட் உள்ளிட்ட ஆறு பேர் கொண்ட சிறு குழு. அவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே நிரல் யூனிவாக் II, ஆர்சிஏ 501 என்ற இரண்டு வேறு இயந்திரங்களில் ஓடியது. அன்றைக்கு அது பெரிய சாதனை.

குறை இல்லாமல் இல்லை. முற்றுப்புள்ளிதான் என்னை அதிகம் படுத்தியது. 'இஃப்' என்ற நிபந்தனையை முடித்து வைக்கும் எண்ட்-இஃப் வந்தது 1985 தரத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு இஃப் எங்கே முடிகிறது என்பதை அந்தப் புள்ளிதான் தீர்மானித்தது. எங்கள் கைக்கு வந்த ஒரு பழைய நிரலில் இஃப்புக்குள் இரண்டாவது வரியிலேயே புள்ளி விழுந்திருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லாதவர்களுக்கு மட்டும் போட வேண்டிய கட்டணத்தை மூன்றாவது வரி எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்தது. பச்சை எழுத்துத் திரையில் ஒரு புள்ளியைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். துளை அட்டைக் காலத்துப் பத்திக் கணக்கு (வரியில் எத்தனையாவது எழுத்திடம் என்பது) வேறு இருக்கிறது: வரி நீண்டு புள்ளி 73-ஆவது பத்திக்குப் போய்விட்டால், பழைய வடிவில் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அதைப் பார்க்கவே பார்க்காது.

2000 பிறந்தால் கணினிகள் ஆண்டைக் குழப்பிக்கொள்ளும் என்ற ஒய்2கே சிக்கலின் பழியை இந்த மொழி மீது போடுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும் என்று இடத்தை மிச்சம் பிடித்தது மனிதர்கள். நான்கு கேட்டிருந்தால் கோபோல் நான்கும் கொடுத்திருக்கும்.

சரி, இன்றைக்குக் கற்கலாமா? வங்கி, காப்பீடு பக்கம் வேலை தேடுபவர்கள் தாராளமாகக் கற்கலாம். குனு கோபோல் என்ற கம்பைலர் இலவசம், லேப்டாப்பிலேயே ஓடும். நீளநீளமாக எழுத வேண்டியிருக்கிறதே என்று மலைக்காமல் முதலில் டேட்டா டிவிஷனை (தரவுகளை அறிவிக்கும் பகுதியை) படியுங்கள். அப்புறம் ஒரு வட்டிக் கணக்கை ரவுண்டட் (விடையை அருகிலுள்ள இலக்கத்துக்கு முழுமையாக்கும் சொல்) போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை ஓட்டி, பைசா எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள்.