அம்மாவின் பேசும் பிபி மெஷின்: மூன்று வருடப் பயன்பாடு

அம்மாவுக்குக் கிளாக்கோமாவால் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, கும்பகோணத்தில் தனியாகத்தான் இருக்கிறார். முன்பிருந்த பிபி மெஷினில் எண்ணைப் பார்த்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும், அது பள்ளிக்கூடம் போய்விட்டால் அன்றைக்கு அளவே கிடையாது. அதனால்தான் வாய்விட்டு எண்ணைச் சொல்லும், மேற்கையில் கட்டுகிற மெஷினை வாங்கினோம்.

பேசுவது ஆங்கிலத்தில். எண்கள் மட்டும்தானே, நான்கே நாளில் பழகிவிட்டது. ஸ்டார்ட் பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினோம், விரல் தானாகப் போகிறது.

கஷ்டமெல்லாம் கையில் கட்டும் பட்டையில்தான். அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும், ரத்தக்குழாய்க்கு நேரே வரவேண்டிய இடத்தை ஒரு அம்புக்குறியாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள், பார்வையில்லாதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த இடத்துக்கு வெளிப்பக்கம் ஒரு சட்டைப் பித்தானைத் தைத்துக் கொடுத்தேன். இப்போது தடவிப் பார்த்துச் சரியாகக் கட்டிவிடுகிறார்.

ஆனால் முதல் ஆறு மாதம் அளவு 146, 148 என்றே நின்றது, டாக்டரும் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்தார். அப்புறம்தான் டேப் வைத்து அளந்தேன், அம்மாவின் மேற்கைச் சுற்றளவு 35 செ.மீ., கூட வந்த பட்டையோ 22 முதல் 32 செ.மீ. வரைக்குமானது. சின்னப் பட்டையைப் பருத்த கையில் கட்டினால் பிபி கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை, 32-42, தனியாக வாங்கிக் கட்டியதும் 134, 135 என்று இறங்கியது, மாத்திரை கூட்டும் பேச்சும் நின்றது. விற்ற கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா, இன்றும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் கையை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு வருடத்தில் வெல்க்ரோ பிடிப்பு விட்டுப்போய்ப் பட்டையை மாற்றினோம். மற்றபடி மெஷினில் கோளாறு இல்லை, வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடமே எடுத்துப்போய் அவர் மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

காலையில் மாத்திரைக்கு முன்னால், முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனில் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். போன வாரம் 149 வந்தது. நான் பதறுவதற்குள், "காப்பி குடிச்ச கையோட பாத்துட்டேன்டா, அரைமணி கழிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.