மலைல 315 ரைஃபிள்: பல வருஷம் வச்சு பழகினதுல தெரிஞ்சது

கோத்தகிரி பக்கம் எங்க தோட்டத்து வீட்ல அப்பா காலத்துல இருந்து ஒரு 315 இருக்கு, இஷாப்பூர் ஃபேக்டரி மேக், அப்பாவுக்கு அப்புறம் லைசன்ஸ் என் பேருக்கு மாறிச்சு. வேட்டைங்கறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட போச்சு, அந்தப் பேச்சே வேணாம், இது தற்காப்புக்கு வச்சிருக்கறது, சுடறது எல்லாம் ரேஞ்சுலதான். 315 வாங்கலாமான்னு கேக்கறவங்க எல்லாரும் அக்யூரசிய பத்தியே கேக்கறாங்க. என்னைக் கேட்டா நம்ம மலைல இந்த துப்பாக்கி எத்தன வருஷம் நல்லா இருக்கும்ங்கறத தீர்மானிக்கறது தோட்டாவும் ஈரமும்தான், மத்ததெல்லாம் அப்புறம்.

தோட்டாவுல இருந்தே ஆரம்பிக்கறேன். இது நிஜத்துல ஆஸ்திரியாக்காரன் மான்லிக்கர் ரைஃபிளுக்கு பண்ணின 8x50 ரிம் வச்ச ரவுண்டு, 1890 வாக்குல வந்தது. வெள்ளைக்காரன் காலத்துல ராணுவத்தோட தோட்டா அளவு பப்ளிக் கைக்கு போகக்கூடாதுன்னு அவங்க ராணுவ ரவுண்டான 303ஐ தடுத்ததால, ராணுவத்துல இல்லாத இந்த ரவுண்டு இங்க சிவிலியன் ரைஃபிளுக்கு வந்துச்சு, ஆஸ்திரியாவுலயே வழக்கொழிஞ்சு போனது இங்க மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்கு. 315ன்னா பேரல் உள்ள ஓடற சுருள் வரியோட மேட்டுக்கு மேடு 0.315 இஞ்ச், அதாவது 8 மில்லி, ஆனா புல்லட் அதவிட கொஞ்சம் தடி, 8.2 மில்லி. இத ஏன் சொல்றேன்னா 8 எம்.எம்னு பேர் போட்ட வேற வேற ரவுண்டு உலகத்துல நெறைய இருக்கு, பின்னாடி அதே ஆஸ்திரியாக்காரங்களே 8x56ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பேர் ஒத்துப்போகுதேன்னு எதையும் உள்ள போட்டு பாக்கக்கூடாது.

வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு சின்னப் பசங்க கேப்பாங்க, "அண்ணா சுட்ட காலி பித்தளை கேஸ்ல நாமளே வெடிமருந்து ரொப்பிக்கலாமா"ன்னு. தம்பி, அதுக்கு ஆயுதச் சட்டம் 5வது பிரிவுல தயாரிப்பு லைசன்ஸ் வேணும், நம்ம கைல இருக்கறது வச்சுக்கற லைசன்ஸ், ரெண்டும் வேற. இத்தனைக்கும் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி எங்களுக்கு கூப்பிடு தூரம், நூறு வருஷத்துக்கும் மேல வெடிமருந்து பண்றாங்க, ஆனா எனக்கு ரவுண்டு வேணும்னா மலை இறங்கி கோயம்புத்தூர் டீலர்கிட்டதான் போகணும். அங்கயும் இருந்தா உண்டு இல்லன்னா இல்ல. அதனால நமக்குள்ள வேலை என்னன்னா கிடைக்கறத பாத்து வாங்கி, ஒழுங்கா வச்சு, ஒழுங்கா லோடு பண்றது.

வாங்கும்போது டப்பால லாட் நம்பர், அதாவது ஒரே தடவையா பண்ணின தொகுதியோட நம்பர் பாருங்க. ஒரே லாட்டா எடுத்தா எய்ம் மாறாது, லாட் மாறினா குண்டு விழற இடமும் கொஞ்சம் நகரும், என் ரைஃபிள்ல அது தெளிவா தெரியுது. ஒவ்வொரு ரவுண்டா எடுத்து வெளிச்சத்துல உருட்டி பாருங்க, பித்தளைல பச்சை பூத்திருக்கா, கழுத்துகிட்ட மயிரிழை மாதிரி விரிசல் ஓடுதான்னு. அந்த விரிசலுக்கு ஒரு கதை இருக்கு. வெள்ளைக்காரன் ராணுவத்துல மழை சீசன்ல தோட்டாவ குதிரை லாயத்துல அடுக்கி வச்சாங்க, மழை முடிஞ்சு எடுத்தா கேஸ் தானா விரிஞ்சு கிடந்துச்சு, ஏன்னு தெரியாம ரொம்ப நாள் முழிச்சு 1921லதான் காரணம் வெளிய வந்துச்சு, குதிரை மூத்திரத்துல இருந்து கிளம்பற அமோனியா. அழுத்தத்துல இருக்கற பித்தளைய அமோனியா அரிச்சுப் பொளக்கும். நம்மகிட்ட குதிரை இல்ல, ஆனா கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் போடற கோழி எருவும் யூரியாவும் அதே அமோனியாதான் விடும். உர ரூம்லயோ மாட்டுக் கொட்டாய ஒட்டின ரூம்லயோ தோட்டாவ வைக்கவே வைக்காதீங்க. நான் பெட்ரூம் பீரோல இறுக்கி மூடற டப்பால சிலிக்கா ஜெல்லோட வச்சிருக்கேன், நீலம் ரோஸ் ஆனா சமையலுக்கு எடுக்காத பழைய வாணலில மிதமா சூடு பண்ணி திரும்ப போட்டுடுவேன்.

அடுத்தது ரிம். ரவுண்டுக்குப் பின்னாடி தட்டு மாதிரி நீட்டிட்டு இருக்கே அதுதான். மேகசின்ல, அதாவது ரவுண்டு அடுக்கற பெட்டில, மேல இருக்கற ரவுண்டோட ரிம், கீழ இருக்கறதோட ரிம்முக்கு முன்னாடி உக்காரணும். மாறி பின்னாடி போச்சுன்னா போல்ட், அதாவது ரவுண்ட உள்ள தள்ளி பூட்டற உருளை, தள்ளும்போது மேல் ரிம் கீழ் ரிம்ம கொக்கி போட்டு இழுக்கும், ரெண்டும் சேந்து ஜாம், பலம் குடுக்க குடுக்க இன்னும் இறுகும். ஒவ்வொண்ணா மேல இருந்து அழுத்தும்போது கட்டைவிரல்ல முன்னாடி ஒரு தள்ளு தள்ளி விட்டா ரிம் தன் இடத்துல போய் விழும், விரலுக்கே தெரியும். இது லீ என்ஃபீல்ட் வகை, போல்ட் மூடும்போதுதான் ஸ்பிரிங் இழுபட்டு சுடத் தயாரா காக் ஆகும், கடைசில வர்ற அந்த டைட்ட ஜாம்னு நெனச்சு புதுசா வர்றவங்க பயப்படறாங்க, அது அப்படித்தான் இருக்கும்.

இனி துரு, எங்க ஊர்ல இதுதான் பெரிய வேலை. கோத்தகிரி குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை வெளுத்து வாங்கும், சுவரே வேர்க்கும். பழைய ஸ்டாக் ரவுண்டா இருந்தா ப்ரைமர்ல, அதாவது அடில இருந்து பத்த வைக்கற மருந்துல, பொட்டாசியம் குளோரேட் இருக்குன்னே எடுத்துக்குங்க, சுட்டதும் அது பேரல் உள்ள உப்பா படியும், உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், மூடுபனில ஒரு ராத்திரி போதும். எண்ணெய் உப்ப கரைக்காது, தண்ணிதான் கரைக்கும். அதனால சுட்ட அன்னிக்கே, காலின்னு செக் பண்ணிட்டு போல்ட்ட உருவி, புனல் வச்சு கொதிக்கற தண்ணிய சேம்பர், அதாவது ரவுண்டு உக்கார்ற பேரல் பின்பக்கத்துல இருந்து ஊத்தி விடறேன். கட்டைக்குள்ள தண்ணி இறங்கக்கூடாது. சூட்டுல பேரல் தானா காஞ்சிடும், அப்புறம் துணி, அப்புறம்தான் எண்ணெய். போல்ட் முகத்தையும் தொடைக்கணும். தோல் உறைல போட்டு வைக்காதீங்க, அது ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், நான் மழைக்காலத்துல உறையே இல்லாம வைக்கறேன்.

அக்யூரசி? ஓபன் சைட்ல நூறு மீட்டருக்கு என் கண்ணுக்கு தாராளம், ட்ரிகர் கனம், ரீகாயில் தோள்ல ஒரு தள்ளு. தை மாசப் பனில காலைல சுட்டா மதியத்த விட லேசா கீழ விழும், மருந்து குளிர்ந்திருக்கும்போது வேகம் கம்மி.

ஒரே ஒரு வயித்தெரிச்சல், எலெக்‌ஷன். அறிவிப்பு வந்தா துப்பாக்கிய கொண்டு போய் டெபாசிட் பண்ணணும், ரிசல்ட் முடிஞ்சுதான் கைக்கு வரும். ஒரு தடவ திரும்பி வரும்போது பேரல் வெளிப்பக்கம் பூரா செந்துரு, ஈரச் சுவர்ல சாச்சு வச்சிருக்காங்க, பாத்ததும் அழுகையே வந்துடுச்சு, அப்பா எவ்வளவு பக்குவமா வச்சிருந்தது. அதுல இருந்து டெபாசிட்டுக்கு முன்னாடி உள்ளயும் வெளியயும் கிரீஸ் தடவி, எண்ணெய் பேப்பர் சுத்தி, ரிசீவர், அதாவது போல்ட் ஓடற உடம்பு, அதோட நம்பரும் போல்ட் நம்பரும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து, ரசீதுலயும் ரெண்டு நம்பரையும் எழுதச் சொல்லி வாங்கறேன், ஏன்னா போல்ட் மாறிப் போனா ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பர்ல ரவுண்டு உக்கார்ற இடத்துக்கும் உள்ள அளவு, மாறும், அது உயிர் சமாச்சாரம். திரும்ப வாங்கினா சுடறதுக்கு முன்னாடி சேம்பர்ல இருக்கற கிரீஸ சுத்தமா எடுத்துடுங்க, பேரல்ல துணி விட்டு வெளிச்சம் பாத்துட்டு அப்புறம்தான் ரவுண்ட தொடணும்.