எச்ஓவா (HO), என்னா (N)? விறாந்தையில் ஒரு யாழ்தேவி

யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி போல ஒரு மாதிரிக் கோச்சியை (ரயிலை) வீட்டில் ஓடவிட ஆசைப்பட்டால் முதல் கேள்வி அளவு. எச்ஓ (HO), என் (N) இரண்டும் மாதிரி ரயில் அளவுகளின் பெயர்கள். எச்ஓ 1:87, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என் (N) 1:160, இடைவெளி 9 மி.மீ.

நம் இலங்கை அகலப்பாதையில் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ. 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆக, எச்ஓவில் பாதை கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். என் அளவிலும் அதே பிசகுதான், ஆனால் கண்ணுக்கு அவ்வளவாய்ப் படாது.

பனைதான் என்னை எச்ஓ பக்கம் இழுத்தது. 20 மீட்டர்ப் பனை அதில் 23 செ.மீ. நிற்கும். ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி, பசை பூசி மணலில் உருட்டினால் அடிமரத்தின் சொரசொரப்பு வந்துவிடும். ஓலையைக் காகிதத்தில் விசிறியாய் வெட்டலாம். என் அளவில் அதே பனை 12.5 செ.மீ.தான், தடித்த ஈர்க்கு ஒன்றே போதும். ஆனால் ஓலை வெட்டுவதற்குள் கண் போய்விடும்!

இடம்? 20 மீட்டர்ப் பெட்டி எச்ஓவில் 23 செ.மீ., என்னில் 12.5 செ.மீ. ஆறு பெட்டி கோத்துப் பாருங்கள், விறாந்தை போதாது. யாழ்ப்பாண வழியில் உள்ள ஆனையிறவின் பரந்த வெளியைக் காட்ட வேண்டுமானால் என் (N) தான் சரி.

இன்னும் ஒன்று, உப்புக்காற்று. மின்சாரம் வரும் தண்டவாளம் அழுக்கானால் பாரம் குறைந்த என் (N) அளவு எஞ்சின்தான் முதலில் நின்றுவிடும். துடைக்கச் சோம்பல் உள்ள நான் எச்ஓ வாங்கினேன்.